‘டூன்’ பட மதமும் விழுப்புரத்து இரும்பை கதையும்: ஆரோவில் ஒரு மதமா, இல்லையா?

‘டூன்’ படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பாலைவன மக்களின் பேச்சிலும் தொழுகையிலும் இஸ்லாமின் சாயல் தெரிகிறது. ஆனால் இஸ்லாம் இல்லை. அப்போ அது என்ன மதம்?

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய நாவலில் அதற்குப் பெயர் ‘ஜென்சுன்னி’. ஜென் பௌத்தமும் சுன்னி இஸ்லாமும் பல ஆயிரம் ஆண்டுகளில் ஒன்றோடு ஒன்று கலந்து உருவானதாக அவர் கற்பனை செய்த மதம் அது. கிரகம் கிரகமாக விரட்டப்பட்ட ஜென்சுன்னி அகதிகளின் வழிவந்தவர்கள்தான் அராக்கிஸ் கிரகத்தின் ஃப்ரெமென் மக்கள். அதே நாவலில் ‘ஆரஞ்சு கத்தோலிக்க பைபிள்’ என்று இன்னொரு கலவையும் உண்டு. சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிரான பெரும் போர் முடிந்ததும், எல்லா மதங்களின் பிரதிநிதிகளும் கமிட்டி போட்டு உட்கார்ந்து தொகுத்த பொதுவேதம். கமிட்டி போட்டு வேதம் எழுதினால் என்ன ஆகும் என்பதை ஹெர்பர்ட் கொஞ்சம் கிண்டலாகவே சொல்கிறார்.

ஆனால் கதையின் முக்கியமான முடிச்சு வேறு. வெளியுலகில் இருந்து ஒருவர் வந்து தங்களைச் சொர்க்கத்துக்கு அழைத்துப் போவார் என்று ஃப்ரெமென் மக்கள் நம்புகிறார்கள். அவர்களுக்கு சொர்க்கம் என்றால் தண்ணீர், மரம், பச்சை. அந்த நம்பிக்கை தானாக வந்தது இல்லை. பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு தன் தேவைக்காக முன்கூட்டியே விதைத்து வைத்தது.

வறண்ட மண், வெளியில் இருந்து வருபவர்கள், பசுமை. இதே மூன்றும் சேர்ந்த கதை ஒன்று விழுப்புரம் மாவட்டத்திலும் சொல்லப்படுகிறது.

இரும்பையில் சொல்லப்படும் கதை

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் நெடுஞ்சாலையில் மொரட்டாண்டி டோல்கேட் பக்கம் கிழக்கே திரும்பினால் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது.

கடுவெளிச் சித்தர் இங்கே கடும் தவத்தில் இருந்தாராம். மழை பெய்யவில்லை. அவருடைய தவத்தின் சூடுதான் காரணம் என்று ஊர் நினைத்தது. வள்ளி என்ற கோயில் நடனப் பெண் அவருக்கு அப்பளம் கொடுத்து தவத்தைக் கலைத்தாள். மழை வந்தது. பிறகு திருவிழாவில் அவள் ஆடும்போது சலங்கை கழன்று விழ, சித்தர் அதை எடுத்து அவள் காலில் கட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. கோபத்தில் அவர் பாட, கருவறை லிங்கமே வெடித்துச் சிதறியது. இந்த மண் பாழாகட்டும் என்பது சாபம். தூரதேசத்து மக்கள் வந்து மறுபடியும் பச்சையாக்குவார்கள் என்பது அதன் முடிவு.

யார் இந்தத் தூரதேசத்து மக்கள்? பக்கத்திலேயே இருக்கும் ஆரோவில்வாசிகள்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆரோவிலிலும் இந்தக் கதை பிரபலம். வந்தவர்களுக்கு வசதியான கதை என்பதையும் மறுக்க முடியாது. இது எப்போது, யாரால் இந்த வடிவத்துக்கு வந்தது என்பதை டூன் படித்தவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் உண்மை. மரம் போய், மழையில் அரித்துக் கிடந்த செம்மண் மேட்டில் கரை கட்டி, மழைநீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் மரம் வளர்த்திருக்கிறார்கள். அதில் சுற்று கிராம மக்களின் உழைப்பும் இருக்கிறது. கதையில் அவர்களுக்குத்தான் இடம் இல்லை.

ஆரோவில் எதைக் கலந்தது?

1968 பிப்ரவரி 28 அன்று, அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டார்கள். கலந்தது மண்ணைத்தான், மதங்களை அல்ல. ‘அன்னை’ என்று அழைக்கப்படும் மிர்ரா அல்ஃபாசா, எல்லா மதத்திலும் கொஞ்சம் எடுத்துச் சேர்க்கச் சொல்லவில்லை. மதத்தையே தாண்டிப் போகச் சொன்னார்.

தங்கத் தகடு பதித்த மாத்ரிமந்திர் பார்க்க ஏதோ கிரகத்தில் இறங்கிய விண்கலம் மாதிரி இருக்கும். உள்ளே வெள்ளைப் பளிங்கு அறை, நடுவில் ஒரு ஸ்படிகக் கோளம், அதன்மேல் விழும் சூரிய ஒளி. சிலை இல்லை, பூ இல்லை, ஊதுபத்தி இல்லை. ஆனால் பெயரில் ‘மந்திர்’ இருக்கிறதே என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான்.

கோர்ட் என்ன சொன்னது?

1973-ல் அன்னை மறைந்த பிறகு, ஆரோவிலை நிர்வகித்த ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்பவர்களுக்கும் மோதல் வந்தது. நிதி நிர்வாகம் பற்றியும் புகார்கள் எழுந்தன. 1980-ல் மத்திய அரசு சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது.

வழக்கு உச்சநீதிமன்றம் போனது. சொசைட்டி தரப்பு வாதம் இதுதான்: அரவிந்தர் வழி ஒரு மதப் பிரிவு, அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவுப்படி எங்கள் விவகாரத்தை நாங்களே நடத்துவோம், அரசு தலையிடக் கூடாது.

1982 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரவிந்தர் சொன்னது தத்துவம், மதம் அல்ல என்றார்கள் நான்கு பேர். சொசைட்டியைத் திருப்பி அடித்தது அதன் சொந்தக் காகிதங்கள்தான். மத அமைப்பு அல்ல என்று சொல்லித்தான் அது வருமான வரிச் சலுகை கேட்டிருந்தது. எந்த மதத்தவரும் தங்கள் மதத்தை விடாமலே உறுப்பினராகலாம் என்ற விதியும் இருந்தது. வரிக்கு ஒரு பேச்சு, வழக்குக்கு ஒரு பேச்சு எடுபடவில்லை.

நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி மட்டும் வேறு மாதிரி பார்த்தார். புது மதம் என்று சொல்ல முடியாவிட்டாலும் இந்து மதத்துக்குள் ஒரு புதிய பிரிவாகவாவது ஏன் கருதக்கூடாது என்பது அவர் பார்வை. அவரும்கூட சட்டம் செல்லும் என்றே முடித்தார். சட்டம் தொட்டது சொத்து நிர்வாகத்தைத்தான், நம்பிக்கையை அல்ல என்பது அவர் காரணம்.

அதனால் இன்றைக்கு என்ன?

‘மதம் அல்ல’ என்ற தீர்ப்பு அன்று சொசைட்டியுடன் மோதிய குடியிருப்பாளர்களுக்குச் சாதகம். அதன் தொடர்ச்சியாக 1988-ல் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம் வந்தது. அதன்படி நிர்வாகக் குழுவை நியமிப்பது மத்திய அரசு. இப்போது குடியிருப்பாளர்களில் ஒரு தரப்பு மோதுவது அந்தக் குழுவுடன்தான்.

2021 டிசம்பரில் ‘கிரவுன் ரோடு’ என்ற வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் மேலே போகக்கூடாது என்று 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் பேசியது காடு, நீர்நிலை, அனுமதி பற்றி. ‘இது எங்கள் மத உரிமை’ என்று சொல்லும் கதவு 1982-லேயே மூடிவிட்டது.