பதின்மூன்று கண் பாலம்

இலத்தூரில் நின்று மேற்கே நோக்கினால் நம் கண்ணுக்குத் தெரிவது மலைத்தொடர். அம்மலையில் பெய்யும் மழை இரு திசையாகப் பிரிகிறது. கிழக்கே இறங்கும் நீர் சிற்றாறாகித் தென்காசியைத் தழுவி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேற்கே இறங்குவது கழுதுருட்டி ஆறாகிக் கல்லடையாற்றில் கலக்கிறது. ஆறுகள் பிரியும் அவ்விடத்தை 1904-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை குடைந்து கடந்தது.

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட பாதை 1902-இல் கல்லிடைக்குறிச்சியையும், தாமிரபரணியைத் தாண்டி 1903-இல் செங்கோட்டையையும் எட்டியது. அந்நாளில் தென்காசி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. இரு ஊர்களும் வெவ்வேறு ஆட்சிப் பகுதிகளில் இருந்த நிலை 1956 வரை நீடித்தது. மலைக் குகைப்பாதையின் முகப்பில் செதுக்கப்பட்ட சங்கு முத்திரை அந்த ஆட்சியின் அடையாளமே.

மலை திறக்கப்படுமுன் கொல்லம் பகுதியில் ஓடிய வண்டிக்கு எஞ்சின் எவ்வாறு வந்தது? தூத்துக்குடியிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் ஏற்றி, குமரிமுனையைச் சுற்றிக் கொல்லத்தில் இறக்கி, மாட்டு வண்டிகளில் நிலையத்திற்குக் கொண்டு சென்றனர்! மலை எத்தகைய தடையாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக நாம் உணர்த்த இயலாது.

கொல்லத்திற்கு வடக்கே எர்ணாகுளத்தோடு இரயில் தொடர்பு கிடைத்தது 1958-இல்தான். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே நாகர்கோவில் பாதை 1979-இல் வந்தது. ஆகவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக, திருவிதாங்கூர் வெளியுலகிற்கு இரயிலில் செல்ல நம் தென்காசி வழியன்றி வேறு வழி இல்லை. தென்காசியைக் குற்றால அருவிக்கு இறங்கும் ஊராக மட்டும் எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

ஆரியங்காவுக்கு அப்பால், கழுதுருட்டி ஆற்றோரம் நிற்கிறது பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலம். கருங்கல்லும் சுண்ணாம்புமே அதன் உடல். 2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அகலப் பாதை முடிந்து 2018-இல் மீண்டும் வண்டி ஓடியது. அந்த எட்டாண்டுகள் மலையைக் கடக்கப் பேருந்தே துணை. நல்ல வேளையாகப் பாலத்தை இடிக்கவில்லை. வலுப்படுத்தி அதன்மீதே புதிய தண்டவாளத்தை இட்டனர். வேலை செய்யும் பாலமாகவே அதைக் காத்தது, வேலியிட்டுக் காட்சிப் பொருளாக்குவதினும் மேலானது என்பது எங்கள் எண்ணம்.

அதன் அருகே திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை செல்கிறது. பேருந்துப் பயணிகள் வளைவுகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். மேலே இரயிலில் அமர்ந்திருப்போருக்குப் பாலம் தெரிவதில்லை; காடும் ஆறுமே தெரிகின்றன.