எந்த மணிக்கூட்டில் ஒன்பது? மட்டக்களப்பு வாவிக்கரையில் பேரிடர் நினைவும் நேரமும்

பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தபோது தாம் எங்கே இருந்தோம் என்பதைப் பல ஆண்டு கழித்தும் மக்கள் துலக்கமாகச் சொல்வதுண்டு. இதனை ‘மின்னொளி நினைவு’ என்று அழைத்து 1977இல் கட்டுரை வெளியிட்டவர்கள் உளவியலாளர்கள் ரொஜர் பிரவுணும் ஜேம்ஸ் குலிக்கும். கென்னடி கொலையை நினைவுகூர்ந்தோரின் கூற்றுகளில் அவர்கள் கண்ட கூறுகள் ஆறு: இருந்த இடம், செய்துகொண்டிருந்த வேலை, செய்தி சொன்னவர், தன் உணர்ச்சி, பிறர் உணர்ச்சி, அதன்பின் நடந்தது. இப்பட்டியலில் செய்தி சொன்னவருக்கு இடமுண்டு, நேரத்துக்கு இல்லை. துயரம் வேறெங்கோ நடந்தது, நமக்கு அது செய்தியாக வந்தது என்ற முற்கோள் இதற்கு அடியில் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பொறுத்தவரை, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இம்முற்கோள் நிற்காது. நேரத்தை விட்டுவிட்டாலோ அங்குள்ள நினைவுகளை மதிப்பிடவே இயலாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எழுவான்கரையிலுள்ள நாவலடியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணற்பரப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். கடல் அந்த மணலைக் கடந்து வாவிக்குள் பாய்ந்தது. ‘கடல் வந்த நேரம் எங்க நிண்டீங்க?’ என்று அங்கே ஒருவரைக் கேட்டால், வானொலியில் கேட்டதா, அயலவர் சொன்னதா என்ற விடையை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. கடற்பக்கம் நின்றாரா, வாவிப்பக்கம் நின்றாரா, பாலம் கடந்து பட்டினத்துக்குப் போயிருந்தாரா என்பதே கேள்வி. உயிர் பிழைத்த கதை முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கிவிடும். அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை நேரில் பட்டறிந்த கலிபோர்னியரின் நினைவையும், தொலைவிலிருந்து கேள்விப்பட்ட அட்லாண்டா வாசிகளின் நினைவையும் உல்ரிக் நைசர் குழுவினர் ஒப்பிட்டனர். பட்டவர் நினைவே உறுதியாக நின்றது. கேட்டவர் நினைவைக்கொண்டு கட்டிய கோட்பாட்டால் பட்டவர் நினைவை அளப்பது முறையாகாது.

நாவலடியில் ‘இடம்’ உறுதியாக நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைக்குப் பின் அரசு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனத் தாங்கு வலயம் அறிவித்தது. வீடு கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதைப் பொறுத்து உரித்துகள் மாறின. கிராம சேவையாளர், பிரதேச செயலகம், தொண்டு நிறுவனம் என்று ஒவ்வோர் இடத்திலும் அதே விவரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது. மனதில் பதிந்தது படிவத்திலும் பதிந்தது. இதனால் அந்நினைவு பொய்யாகிவிடாது. ஆனால் அதன் உறுதி முழுவதையும் அதிர்ச்சியின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது.

இனி நேரம். மின்வெட்டுக் காலத்தில், 1996இல், இலங்கை தன் மணிக்கூட்டை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, பின் அரை மணி நேரம் குறைத்தது. அந்தப் ‘புதிய நேரம்’ 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. ஆகவே 2004இல் ஒரே வாவியின் இரு கரைகளுக்கும் இடையே அரை மணி வித்தியாசம். எழுவான்கரையில் ஒருவர் ஒன்பது மணி என்றும், படுவான்கரையில் மற்றவர் எட்டரை என்றும் நினைவுகூர்ந்தால் இருவரும் ஒரே கணத்தையே சொல்லியிருக்கக்கூடும். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்த வேளையும் அப்படித்தான்: கொழும்பு மணிக்கூட்டில் ஏழுக்குச் சற்று முன்பு, சென்னை மணிக்கூட்டில் ஆறரைக்குச் சற்று முன்பு. வாய்மொழி வரலாறு சேகரிப்போர் இதைக் கவனியாது விட்டால், சரியான நினைவுக்குப் பிழை என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

நாடு முழுவதற்குமான அஞ்சலி நேரத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிட மௌனம். தென்மேற்குக் கரையின் பெரலியவில் புகையிரதத்தை அலை அடித்த வேளையை ஒட்டிய கணக்கு அது. கிழக்குக் கரையை அலை அதற்கு முன்பே தொட்டுவிட்டது. உயிரிழப்பு மிகுந்த மாவட்டமும் கிழக்கிலுள்ள அம்பாறையே. மணிக்கூடு 2006இல் அரை மணி பின்வாங்கியதால், பழைய 9.25 இன்றைய 8.55 ஆகும். அதாவது பெரலியவின் கணம்கூட இன்று மௌனத்துக்கு முன்னரே கடந்துபோகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும் இதே கதை. மௌனம் 8.45க்கு, கொச்சிக்கடை வெடிப்பையொட்டி. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது 9.05 அளவில், இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள்.

‘தேசியத் துயரம்’ என்ற தலைப்பே நாட்காட்டியில் எவருடைய இழப்பு இடம்பிடித்தது என்பதைப் பொறுத்தது. பிரவுண், குலிக் ஆய்விலேயே மார்ட்டின் லூதர் கிங், மல்கம் எக்ஸ் கொலைகளை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரே மிகுதியாக மின்னொளி நினைவாகக் கொண்டிருந்தனர். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட 1990 ஆகஸ்ட் 3ஐ அவ்வூர் ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூர்கிறது. அடுத்த மாதம் 9ஆம் தேதி சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டோரை அவ்வூரும் அயலூர்களும் நினைவுகூர்கின்றன. இரண்டுக்கும் நாடு தழுவிய மௌன நிமிடம் கிடையாது. அவ்வூர்களில் அன்று யார் எங்கே நின்றார் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. கேட்போர்தான் வாவிக்கரைக்கு வெளியே இல்லை.

எனவே இப்பகுதியில் நினைவுச் சேகரிப்பை மேற்கொள்வோர் கேள்விக்கொத்தில் இரண்டைச் சேர்க்க வேண்டும்: சொல்பவர் அன்று எந்தக் கரையில் இருந்தார், அவர் பார்த்த மணிக்கூடு பழைய நேரத்திலா புதிய நேரத்திலா ஓடியது. ஒவ்வொரு கூற்றையும் 9.25ஓடு ஒப்பிட்டுச் சரிபிழை பார்ப்பது இவ்விரண்டும் தெரிந்த பின்னரே செய்யத்தக்கது.