தூரத்தில் நின்ற கேமரா

கேமரா வாங்கிய நண்பர்கள் அடுத்துக் கேட்பது, ‘எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்றுதான். நான் திருப்பி மூன்று கேள்விகள் கேட்பேன். எதைப் படம் எடுக்கப்போறீங்க? வெளிச்சம் எவ்வளவு? எவ்வளவு கிட்டப் போக முடியும்? இதே கேள்விகளை மலாயாவின் பழைய தோட்டப் படங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிரை நிரையாகப் பால்மரங்கள். நடுவே வாளியோடு நிற்கும் தமிழர்கள், சுண்டுவிரல் உயரத்தில். மரத்தின் வெட்டுக்கோடுகூடத் தெரியும். நிற்பவரின் முகம் தெரியாது. ‘அந்தக் காலத்து லென்ஸ் அப்படி, என்ன செய்ய?’ என்று சமாதானம் சொல்வோம்.

அது பாதி உண்மை. 1839இல் புகைப்படக்கலை அறிமுகமானபோது இருந்த லென்ஸ்கள் மிக மங்கல். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் வியன்னாவில் கணக்குப் போட்டு வடிவமைத்த லென்ஸ், பதினைந்து மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டது. ஆனால் நடுவில் மட்டுமே கூர்மை, ஓரமெல்லாம் கலங்கிவிடும். ஒருவர் முகத்துக்கு அது போதும். கோயிலுக்கோ கூட்டத்துக்கோ உதவாது. ஆக முகத்துக்கு ஒரு லென்ஸ், நிலக்காட்சிக்கு ஒரு லென்ஸ் என்று அப்போதே பிரிந்துவிட்டது.

குறை இருந்தாலும் வழி கண்டவர்கள் உண்டு. 1858இல் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். ஒரே படத்தில் அடங்காது. எனவே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்குச் சேர்த்தார். ஒவ்வொரு எழுத்தும் முக்கியம் என்று நினைத்ததால் கிட்டப் போனார்.

இந்தப் பக்கம், 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி.ஆர். லம்பர்ட் நிறுவனம் ஜொகூர் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் படக்காரர்களாக இருந்தது. அரசருக்கும் பணக்காரர்களுக்கும் ஸ்டூடியோவில் முகம் கிடைத்தது.

ஜொகூரைக் கடக்கும் ரயில் பாதை 1909இல் முடிந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அதற்குள் லென்ஸ் மாறிவிட்டது. 1902இல் சைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் வந்தது. நான்கே கண்ணாடிகள், மூலைவரை தெளிவு. பிளேட்டுகளும் வேகமாகிவிட்டதால், நல்ல வெயிலில் ஒரு நொடிகூடத் தேவையில்லை. அதாவது, பால் வெட்டுபவரின் முகத்தைத் தெளிவாக எடுக்கத் தடை ஏதும் இல்லை. படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ, அவர்களுக்கு மரங்களின் எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. கேமரா தூரத்திலேயே நின்றது.

1948இல் அவசரகாலம் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை கட்டாயமானது. லயத்துக்காரர்களுக்கும் கிட்டப் போய் முகம் எடுத்தார்கள், சந்தேகத்தின் பேரில். என் பாட்டியின் இளவயதுப் படமாக எங்கள் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான்.

லென்ஸ் கேட்பவர்களுக்கு இப்போது சொல்வது இதுதான். முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம். லென்ஸ் அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. லயத்து வீட்டுக்குள் இடம் குறைவு, 35 எம்எம் போதும். வாசலில் ஒருவரை உட்காரவைத்து எடுக்க 85. செம்பனை நிழலிலும் கோயில் டியூப்லைட்டிலும் எஃப் 1.8 கைகொடுக்கும். போன் கேமராவின் அகல லென்ஸில் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினால் ஓரத்தில் நிற்பவர் அகன்று தெரிவார். வயசானவங்களை நடுவில் வைங்க. நம்ம ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

எடுத்த பிறகு அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள். அதை எந்த லென்ஸும் செய்யாது.