சீனன்குடாவும் சமாதான வலயமும்

சீனன்குடாக் காட்டினுள்ளே வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களைத் திருகோணமலையார் அனைவரும் அறிவர். பிரித்தானியக் கடற்படைக்கு எரிபொருள் சேமிக்கவென எழுந்தவை அவை. 1942 ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. விமானமொன்று குதமொன்றின்மேல் வீழ்ந்து அது தீப்பற்றி எரிந்தது. அந்த யுத்தத்தை இம்மக்கள் வேண்டி நின்றனரா? இல்லை. தளம் இங்கிருந்தது, ஆகவே குண்டும் இங்கு வந்தது.

1957 இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை மீட்டது. எனினும் தளம் மீண்டதனால் கடல் மீண்டதாகாது. பிரித்தானியர் விலகத் தொடங்கிய இந்து சமுத்திரத்தில் வேறு வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் புகுந்தன. டியாகோ கார்சியாத் தீவின் குடிகள் அகற்றப்பட்டு அங்கே அமெரிக்கத் தளம் எழுந்தது. அணுவாயுத யுகத்தில் ஒரு தளத்தின்மீது விழும் குண்டு ஒரு குதத்தை மட்டும் எரித்துவிட்டு ஓயுமா?

இவ்வச்சத்தின் குரலாகவே இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் கோரிக்கையைச் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1971 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்தார். வல்லரசுப் போட்டியின் விளைவாக அங்கு வைக்கப்படும் தளங்களும் அணுவாயுதங்களும் நீங்க வேண்டுமென்றது அப்பிரகடனம். டிசம்பர் 16 இல் ஆதரவாக 61 வாக்குகள் கிடைத்தன; எதிர்வாக்கு ஒன்றேனும் இல்லை. ஆனால் அமெரிக்கா, சோவியத் யூனியன் உள்ளிட்ட 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஆயுதம் ஏந்தியோர் ஒப்பாத பிரகடனம் வேண்டுகோளாகவே நின்றது. 1977 இல் அவ்விரு வல்லரசுகளும் இக்கடலைப் பற்றித் தமக்குள் தொடங்கிய பேச்சும் மறுவருடமே முறிந்தது.

1987 டிசம்பர் 8 இல் அதே இருவரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தையும் நோக்குவோம். அதன்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒருவர் தளத்துள் மற்றவரின் பரிசோதகர் நுழைந்து எண்ணிப் பார்த்தனர். ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் இலட்சக்கணக்கில் திரண்ட மக்களின் குரலுக்கும் அதில் பங்குண்டு. பரிசோதனையும் கையொப்பமுமே வாக்குறுதியை ஒப்பந்தமாக்குகின்றன. ஆயினும் அது தரையிலிருந்து ஏவப்படுவனவற்றை மட்டுமே தடுத்தது. கடல் அதற்கு வெளியே நின்றது.

அவ்வொப்பந்தமும் 2019 இல் முடிந்தது. 2010 இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தத்தின் காலம் 2026 பெப்ரவரியில் கழிந்தது. இவை தொலைதூரத்துச் செய்திகள் என்று நாம் வாளாவிருத்தல் தகுமா? ஆசிரியராகிய நாம் 1942 இன் தீயையும் 1971 இன் வாக்கெடுப்பையும் ஒரே பாடமாகக் கற்பித்தல் வேண்டும். துறைமுகத்தருகே வாழ்வோருக்கு ஆயுதக் குறைப்பு அயலார் விவகாரமன்று. அது தம் கூரையின் விவகாரம். கேட்கும் மக்கள் இல்லாதவிடத்து எந்த வல்லரசும் தானாகக் கைச்சாத்திட்டதில்லை.