கார்னர் சொன்ன கணக்கு

கெலமங்கலத்தில் நான் இறங்கியது கபடி பார்க்க அல்ல. நடுகல் பார்க்கப் போயிருந்தேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. காட்டோரம், ஏரிக்கரை என்று எங்காவது ஒரு கல்லில் வில்லும் வாளுமாக ஒரு வீரன் நின்றுகொண்டிருப்பான். மாடு பிடிக்கப் போய் செத்தவன். அல்லது பிடித்துப் போன மாட்டை மீட்கப் போய் செத்தவன்.

அப்படி ஒரு கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஓசூர் பஸ்ஸுக்காக நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். சுண்ணாம்புக் கோடு கிழித்து, பதினைந்து பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கத்தினார்கள். கெலமங்கலத்துக்கு அது சகஜம். சென்னை இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு சுமார் 60 கிலோமீட்டர்தான்!

ஓரத்தில் லேசாகக் காலைச் சாய்த்து நின்றபடி ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஓசூரில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையன்கள் அவரை 'கார்னர் அண்ணா' என்று கூப்பிட்டார்கள். காலேஜ் டீமில் மூன்று வருடம் ரைட் கார்னர் ஆடியவராம். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"தமிழ் தலைவாஸ் எப்படி?" என்று சும்மாதான் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். இரண்டு பஸ் போய்விட்டது. ஒரு அணியின் சரித்திரத்தை, ராஜாக்களின் சரித்திரத்தைச் சொல்வதுபோல யார் வந்தார், யார் விழுந்தார், ஏன் விழுந்தார் என்று வரிசையாகச் சொன்னார் அவர்.

அதைச் சொல்லும் முன்பு, கார்னர் என்றால் யார் என்று பார்த்துவிடுவோம். டி.வி-யில் பார்க்கிறவர்களுக்குப் பாடிக்கொண்டு போகிற ரெய்டரைத்தான் தெரியும். கேமராவும் அவர் பின்னாலேயே போகும். எதிரில் ஏழு பேர் வளைந்து நிற்பார்கள். அந்த வளைவின் இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள்தான் கார்னர்கள். முப்பது விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய ரெய்டரின் கணுக்காலுக்காகக் காத்திருப்பது அவர்கள் வேலை. அரை விநாடி முந்தினால் பாயின்ட் போச்சு. அரை விநாடி பிந்தினாலும் போச்சு. பக்கத்தில் நிற்கிற 'கவர்' ஆட்டக்காரர் ஓடிவந்து சேரும்வரை, வெறும் கையால் அந்தக் காலை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

"ரெய்டர் ஒரே மூச்சுல மூணு பாயின்ட் எடுப்பான். நாங்க உயிரைக் கொடுத்துப் பிடிச்சா ஒரு பாயின்ட். ஸ்கோர் போர்டைப் பார்க்கறவனுக்கு நாங்க கூலி ஆளுங்க சார்" என்று சிரித்தார். "ஆனா, அந்த ஒரு பாயின்ட்டுக்குள்ள இன்னொண்ணு இருக்கு. பிடிபட்ட ரெய்டர் வெளியில போய் உட்காரணும். அவன் டீம் பாயின்ட் எடுத்தாதான் திரும்ப உள்ள வர முடியும். கோடி ரூபாய் ஆளு அஞ்சு நிமிஷம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கானே, அதுக்கு எந்த போர்டுல சார் கணக்கு?"

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

நம் ஊரில் சடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு என்று பல பெயர்களில் ஆடப்பட்ட ஆட்டம் இது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இதை ஐரோப்பியர்களுக்கு ஆடிக்காட்டியது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானது. அன்று தொடங்கி 2014 வரை ஏழு முறை ஆசிய விளையாட்டு நடந்தது. ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான்!

அப்போதெல்லாம் கபடி ஆடினால் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு, ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. 2014-ல் புரோ கபடி லீக் வந்தது. அந்த முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். நான்கே வருடத்தில், 2018-ல் மோனு கோயத் என்ற ரெய்டரின் விலை ஒரு கோடியே 51 லட்சம்!

தமிழ் தலைவாஸ் பிறந்தது 2017-ல், ஐந்தாவது சீசனில். சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர். கமல்ஹாசன் விளம்பரத் தூதர். அஜய் தாக்கூர் கேப்டன். ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆனால், தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த சீசனிலும் பிரிவில் கடைசி.

2019-ல், ஏழாவது சீசனில்தான் பெரிய கூத்து. "அந்த லிஸ்ட்டைப் பாருங்க" என்று கார்னர் விரல் விட்டு எண்ணினார். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர், மோகித் சில்லர், ரன் சிங், ஷபீர் பாப்பு... கபடி தெரிந்த யாரும் எழுந்து நின்று கும்பிடுகிற பெயர்கள். ராகுல் சௌத்ரிக்கு மட்டும் 94 லட்சம். பேப்பரில் பார்த்தால் கோப்பை இவர்களுக்குத்தான்.

கிடைத்தது பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

"எல்லாரும் சூரனுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கல்யாண வீட்டுல பத்து பேரும் மாப்பிள்ளைன்னா பந்தி பரிமாறறது யாரு?" என்றார். "நாலு வருஷம் கூடவே நின்னாதான் கார்னருக்கும் கவருக்கும் பேச்சில்லாம புரியும். கண்ணைப் பார்த்தாலே அவன் பாயப் போறான்னு தெரியும். அதை ஏலத்துல வாங்க முடியாது சார்."

எட்டாவது சீசன் 2021 டிசம்பரில் தொடங்கியது. கொரோனா காரணமாக எல்லா ஆட்டமும் பெங்களூரில், ரசிகர்கள் இல்லாமலே நடந்தன. தலைவாஸ் இந்த முறை அனுபவசாலிகளோடு இளசுகளையும் சேர்த்திருந்தது. சாகர், சாஹில் குலியா, ஹிமான்ஷு, அபிஷேக், மோகித் என்று பெரும்பாலும் பிடிக்கிற ஆட்கள். இடம் என்னவோ 11-தான். ஆனால், வலது கார்னரில் நின்ற சாகர் அந்த சீசனில் எடுத்தது 82 டேக்கிள் பாயின்ட். லீகிலேயே இரண்டாவது இடம்!

"நாத்து நட்ட வருஷம் அது. காய்ச்சது அடுத்த வருஷம்" என்றார் தக்காளி விளைகிற பூமியில் பிறந்த கார்னர்.

அடுத்த வருடம் என்ன ஆனது? 2022 ஏலத்தில் தலைவாஸ் பவன் ஷெராவத்தை இரண்டு கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. அதுவரை கபடி சரித்திரத்திலேயே அப்படி ஒரு விலை கிடையாது. பெங்களூரு புல்ஸுக்காக ஆறாவது சீசன் இறுதிப் போட்டியில் தனி ஆளாக 22 பாயின்ட் குவித்து கோப்பை வாங்கித் தந்த ரெய்டர் அவர்.

2022 அக்டோபர் 8. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். குஜராத்துடன் தலைவாஸின் முதல் ஆட்டம். கார்னர் ஐந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போயிருக்கிறார். ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அந்த விபரீதம் நடந்தது. பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை.

எப்படி விழுந்தார் தெரியுமா? பாடிப் போனபோது அல்ல. எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது!

"ஸ்டேடியமே செத்துப் போச்சு. எனக்கு என் முட்டி வலிச்சுது சார்" என்றார். அவர் காலேஜ் நாட்களில் போனதும் அதே முழங்கால்தான். அதற்கு முன்பே ஒரு கம்பெனி அணியின் தேர்வுக்குப் போயிருந்தாராம். மூன்று ரெய்டர்களை எடுத்துக்கொண்டு, கார்னருக்கு இருக்கிற ஆளே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார்.

பவன் இல்லாத தலைவாஸ் ஆரம்பத்தில் தள்ளாடியது. கோச் மாறினார், அஷன் குமார் வந்தார். நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டுக்குப் போனான். அவன் தைரியமாகப் போக முடிந்ததற்குக் காரணம், பின்னால் சாகரும் சாஹிலும் நின்றதுதான் என்கிறார் கார்னர். நான்கு முறை பாடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாது. வீட்டில் காவல் இருக்கிறது! அந்த முதல் சீசனிலேயே நரேந்தர் எடுத்தது 243 ரெய்டு பாயின்ட்.

லீகில் ஐந்தாவது இடம். எலிமினேட்டரில் உ.பி-யுடன் 36-36 சமநிலை. டை-பிரேக்கரில் 6-4 என்று வெற்றி. அரையிறுதியில் புனேவிடம் தோற்றார்கள். எத்தனை பாயின்ட்டில்? வெறும் இரண்டே பாயின்ட்டில். 39-37! அந்த ஆட்டத்தில் காயம் காரணமாக சாகர் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பெயர்கள் நிரம்பியிருந்தபோது கடைசியில் கிடந்த அணி, ஆகப் பெரிய பெயரை முதல் நாளே இழந்த வருடத்தில்தான் முதல்முறையாக அரையிறுதியைப் பார்த்தது.

அடுத்த வருடத்து விசித்திரம் இன்னும் பெரிது. 2023 ஏலத்தில் பவனை தெலுங்கு டைட்டன்ஸ் இரண்டு கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த அணிக்குக் கடைசி இடம். அதே ஏலத்தில் முகமதுரேசா ஷாட்லூயி என்ற ஈரானியரை, பிடிப்பதில் மன்னனை, புனே இரண்டு கோடியே 35 லட்சத்துக்கு வாங்கியது. கோப்பை புனேவுக்கு!

இங்கே நான் குறுக்கிட்டேன். கதை ரொம்ப நேராகப் போகிறதே! "பாட்னா மூன்று முறை கோப்பை வாங்கியது பர்தீப் நர்வால் என்ற ரெய்டரால்தானே? பெங்களூருக்கு வாங்கித் தந்தது பவன்தானே? அதைவிடுங்கள்... பத்தாவது சீசனில் தலைவாஸிடம் அதே சாகரும் சாஹிலும் இருந்தார்களே. ஒன்பதாவது இடம்தானே வந்தது?"

கார்னர் கோபப்படவில்லை. "நியாயம்தான்" என்றார். "கார்னர் மட்டும் ஜெயிச்சுக் கொடுப்பான்னு நான் சொல்லலை. பாயின்ட் எடுக்க ஆள் வேணும். ஆனா, பாட்னா ரெண்டாவது கோப்பை வாங்கின 2016-ல கேப்டன் யாரு, பாருங்க."

தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அப்போது அவருக்கு வயது 41. ரைட் கார்னர்! அதே அணியில் ஃபசல் அத்ராச்சலி என்ற ஈரானிய லெப்ட் கார்னரும் இருந்தார். பர்தீப் பாடிப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களில் இந்த இருவரும் உண்டு.

ஈரான் என்றதும் 2018 ஞாபகம் வருகிறது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி. இந்தியாவின் கேப்டன் தலைவாஸின் அஜய் தாக்கூர். ஏழு தங்கம் வென்ற இந்தியாவை ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. உலகின் சிறந்த ரெய்டர்களை வைத்திருந்த அணிக்குப் பதினெட்டு பாயின்ட்தான் தேறியது. காலைப் பிடித்தால் விடாத ஆட்களை ஈரான் வளர்த்து வைத்திருந்தது. நாம் அதுவரை ரெய்டருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

2025-ல் தலைவாஸ் மறுபடியும் பழைய பாதையில் போனது. ஒரு கோடியே 40 லட்சத்துக்கு அர்ஜுன் தேஷ்வால். கூடவே திரும்பி வந்த பவன். இரண்டு பெரிய ரெய்டர்கள். சீசன் நடுவிலேயே பவன் அணியைவிட்டுப் பிரிந்தார். பிளே-ஆஃப் கிட்டவில்லை. அந்த வருட இறுதிப் போட்டியில் டெல்லி 31-28 என்று புனேவை வென்றது. கடைசி நேரத்தில் புனே ரெய்டரைப் பிடித்து ஆட்டத்தை முடித்துவைத்தவர் யார் தெரியுமா? அதே ஃபசல் அத்ராச்சலி!

இருட்டிவிட்டது. பையன்கள் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நெடுநெடுவென்று இருந்தான். நீளமான கை. பதினாறு வயது இருக்கும். "இவன் பொறந்ததே ரைட் கார்னருக்குத்தான் சார். ஆனா கேட்க மாட்டேங்கறான். ரெய்டர்தான் ஆவேன்கறான்" என்றார்.

பையன் தயங்காமல் சொன்னான்: "ரெய்டரைத்தான் சார் செலக்‌ஷன்ல பார்க்கறாங்க. படிப்பு முடிஞ்சா கம்பெனியில சேருன்னு அப்பா சொல்றாரு. ரெண்டு வருஷம்தான் டைம் கேட்டிருக்கேன்."

கார்னர் பதில் பேசவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு தனக்கு நடந்தது தெரிந்த மனிதர், அவனுக்கு என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு ரெண்டும் ஆடு. பத்து ரெய்டு போ. பத்து தடவை பிடி. அப்புறம் பேசலாம்" என்றார். பையன் தலையாட்டினான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் காலையில் பார்த்த நடுகல் நினைவுக்கு வந்தது. மாடு கவர்ந்து வரப் போய் விழுந்தவனுக்கும் நம் முன்னோர்கள் கல் நட்டார்கள். ஊர் மாட்டை மீட்க நின்று விழுந்தவனுக்கும் கல் நட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பொங்கல்தான், ஒரே படையல்தான்.

ஏலம் போடுகிறவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம். ஓசூர் வரை ரயிலே இருக்கிறது!