காகிதப் பூக்களின் தோட்டம்

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை ஒட்டிய புல்வெளியில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு நினைவுத் தோட்டம் எழுகிறது. அதில் வேர்விட்ட செடி ஒன்றுகூட இல்லை. சிறிய மரச் சிலுவைகளும் பிற சமயச் சின்னங்களும் படைப்பிரிவு வாரியாக வரிசையாக ஊன்றப்பட்டிருக்கும். அவற்றில் பாப்பி எனப்படும் சிவப்புக் காகிதப் பூ. போரில் மாண்டவர்களின் இரத்தத்துக்கு அது அடையாளம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தத் தோட்டம் உருவான கதையைப் பார்த்தால், உடல் ஊனமுற்று உயிரோடு திரும்பியவர்களின் பிழைப்புக்கும் அதில் சம பங்கு உண்டு என்பது தெரியவரும். அந்தப் பங்கை மறந்துவிட்டால் பாப்பி வெறும் அலங்காரமாகிவிடும் என்பதே என் வாதம்.

வயல் பாப்பி நம் சமையலறைக் கசகசாவைத் தரும் செடிக்கு நெருங்கிய உறவு. ஐரோப்பிய உழவர்களுக்கு அது தானிய வயலின் களை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டதும் முளைக்கும். முதல் உலகப்போரில் ஃபிளாண்டர்ஸ் நிலத்தைப் பீரங்கிக் குண்டுகளும் புதைகுழிகளும் புரட்டிப்போட்டன. கல்லறைகளுக்கு நடுவே பாப்பி பூத்தது. கனடியப் படை மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், 1918 நவம்பரில், அந்தப் பூவை என்றும் அணிவதாக உறுதி பூண்டார். ஆனால் அணிவது மட்டும் யாருக்கும் சோறு போடாது. அந்தப் பூவை நிவாரண நிதியாக மாற்றியவர் பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரின். போரில் சிதைந்த தம் நாட்டின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணம் திரட்டவே துணியாலான பாப்பிகளை விற்கச் செய்தார். 1921 நவம்பர் 11 அன்று, முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜன் அதே பூவை விற்று 1,06,000 பவுண்டுக்கு மேல் திரட்டியது.

மறு ஆண்டு மேஜர் ஜார்ஜ் ஹவுசன், போரில் ஊனமுற்ற ஐந்து பேரை வைத்து லண்டனில் பாப்பித் தொழிற்கூடம் தொடங்கினார். ஒரு கையை இழந்தவரும் கோத்து முடிக்கும்படி அந்தப் பூ எளிமையாக வடிவமைக்கப்பட்டது. இந்த ஒரு விவரம் போதும், அந்தப் பூ யாருக்காகப் பிறந்தது என்று சொல்ல. 1928-இல் வெஸ்ட்மின்ஸ்டர் புல்வெளியில் ஒரு போர்க்களச் சிலுவையைச் சுற்றி நின்றவர்களும் ஹவுசனும் அவருடைய தொழிலாளர்களுமே. தட்டில் இருந்த காகிதப் பூவை வாங்கி, வழிப்போக்கர்கள் அந்தச் சிலுவையருகே ஊன்றினார்கள். இறந்தவர்களுக்கான காணிக்கை, உயிரோடிருப்பவரின் கூலியாகவும் ஆனது.

ஊனமுற்ற வீரரைக் காப்பது அரசின் கடமை; அதைத் தெருவில் பூ விற்றுத் தீர்ப்பது தகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓய்வூதியத்தை அரசுதான் தர வேண்டும். ஆனால் உடைந்த உடலோடும் உழைத்துச் சம்பாதிக்கும் மதிப்பை ஓய்வூதியம் தந்துவிடாது. ஹவுசன் தர முயன்றது அதைத்தான். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சிவப்புப் பூ போருக்குப் புகழ் சேர்க்கிறது என்று கருதிய பிரிட்டனின் கூட்டுறவு மகளிர் சங்கம் 1933-இல் அமைதிக்காக வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தது. சோம் போர்க்களத்துக்கு லட்சக்கணக்கானோரை அனுப்பிய தளபதி ஹெய்க்கின் பெயர், 1994 வரை சிவப்புப் பூவின் நடுவே அச்சாகிவந்தது. அந்தப் பெண்களின் ஐயத்தை அதனால் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒற்றைக் கையால் பூக் கட்டும் மனிதரைவிடப் போரின் விலையை வேறு எந்தச் சின்னம் தெளிவாகச் சொல்லிவிடும்?

நான் முழுமையாக ஏற்கும் மறுப்பு இலங்கையிலிருந்து வந்தது. அங்கும் நவம்பர் 11-இல் பாப்பி விற்றார்கள். திரண்ட பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. வறுமையில் வாடிய உள்ளூர் முன்னாள் வீரர்களுக்காக ஏலியன் பெரேரா 1931-இல் அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்பது நம் பூவரசம்பூதான். 1933-இல் இளைஞர்கள் அந்த இயக்கத்தைக் கையிலெடுத்துக் காலனியாட்சிக்கும் போருக்கும் எதிரானதாக வளர்த்தார்கள். டோரின் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி, இலங்கைப் பிள்ளைகள் பிரிட்டிஷ் வீரர்களுக்காகப் பாப்பி வாங்க வைக்கப்படுவதைக் கண்டித்து எழுதினார். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் நிவாரணத்துக்கு ஓடியவர்களும் இந்த இயக்கத்தினரே. பாப்பியின் முதல் நியதி, பிழைத்தவரைக் கைவிடாதே என்பது. அதைப் பேரரசு தன் ஆட்களுக்கு மட்டும் கடைப்பிடித்தபோது, பூவரசு எல்லோருக்கும் கேட்டது. பாப்பித் தோட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி பூவரசுக்கும் அதில் இடம் விட வேண்டும்.