உப்புக் காற்றிலும் பப்பாளி வளரும்... ஆனால், காலடி மண்ணைக் கவனியுங்கள்! - ராயபுரம் முதல் எண்ணூர் வரை

வட சென்னையில் பப்பாளியை யாரும் பெரிதாகத் திட்டம் போட்டு நடுவதில்லை. அதுவாக முளைக்கும். காக்கா போட்ட விதை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் விழுந்த விதை என ஏதோ ஒன்று சுவரோரமாகத் தலைதூக்கும். 'சரி, இருந்துட்டுப் போகட்டுமே' என்று விட்டுவிடுவோம். சில மாதங்களில் ஆள் உயரம் வந்து, பூத்து, காயும் பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை வரும். தெருவில் ரெண்டு நாள் தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகு பார்த்தால், இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கும். அடுத்த வாரமே காயோடு மரம் சாய்ந்து கிடக்கும். 'கடலோரத்துல பப்பாளி நிக்காதுப்பா, உப்புக் காத்து' என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம்.

பாவம், காற்று மேல் பழி. அந்த மரத்தைக் கொன்றது பெரும்பாலும் காலடியில் நின்ற தண்ணீர்தான். பப்பாளியின் வேர் சதைப்பற்றானது, மூச்சு விட இடம் வேண்டும். ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் மூழ்கினாலே அழுக ஆரம்பித்துவிடும். தண்டும் உள்ளே கூடு. மரம் என்று பேர்தானே தவிர, அதில் வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பப்பாளி வளர்க்க நினைத்தால், கடலைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு முன்னால் தரையைப் பாருங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆன்லைனில் 'பாவ்பாவ்' என்று ஒரு செடி விற்கிறார்கள், வீடியோக்களும் நிறைய வருகின்றன. ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலத்தில் பாவ்பாவ் என்றால் நம் பப்பாளிதான் (யாழ்ப்பாணத்துத் தமிழில் அது பப்பாப்பழம்). அமெரிக்காவில் பாவ்பாவ் என்பது வேறு மரம். 'அசிமினா ட்ரைலோபா' என்ற அது நம் சீத்தாப்பழத்துக்குச் சொந்தம். குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு, நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். இங்கிலாந்து போன்ற குளிர்ந்த கடலோர நாடுகளில் அதற்குக் குளிர் கிடைக்கிறது, ஆனால் பழம் பழுக்கிற அளவுக்குக் கோடை வெயில் போதாது. நமக்கு நேர் எதிர்: வெயில் தாராளம், குளிர் பூஜ்யம். மார்கழி, தையிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும் சென்னை. அதனால் அந்தச் செடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். மத்திய அமெரிக்காவில் பிறந்து, 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்த பப்பாளியே நமக்கு ஏற்றது.

ரெண்டடி மேடு

தரையில் நடுவதாக இருந்தால், வேளாண் புத்தகங்கள் சொல்கிற ஒன்றரை அடிக் குழியோடு நிறுத்தாதீர்கள். அது மேட்டு நிலத்துக்குச் சொன்னது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பும்போது தண்ணீர் ஏறுகிற தெருக்களில், தரைக்கு மேல் ரெண்டடி உயர மேடை கட்டுவதுதான் சரி. செங்கல்லோ உடைந்த ஹாலோ பிளாக்கோ போதும். மூன்றடிக்கு மூன்றடி அகலம், அடியில் ஜல்லி, நாலு பக்கமும் தண்ணீர் வெளியேற ஓட்டை. போன மழைக்கு உங்கள் வாசலில் தண்ணீர் எது வரை ஏறியது என்று சுவரில் கறை இருக்கும். மேடையின் மண்மட்டம் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும்.

நடுகிற மாதமும் முக்கியம். பொங்கல் முடிந்து, தை பிற்பாதியிலோ மாசியிலோ நட்டால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் தண்டு திரண்டுவிடும். ஆடியில் நட்ட கன்று பிஞ்சாகவே மழையில் மாட்டும்.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது?

மேடை கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை மழுப்பாமல் பேசிவிடலாம். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின்நிலையமும் அதன் சாம்பல் குட்டையும் இன்னும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பங்களில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பியது. இப்படிப்பட்ட இடத்தில் கொல்லைப்புற மண்ணை 'அப்படியே தாய்மண்' என்று கொத்தி நட்டுவிட முடியாது.

'அப்ப அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?' நியாயமான கேள்வி. பொதுவாக ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால், கீரையிலும் கிழங்கிலும் சேர்கிற அளவுக்குப் பழத்தில் சேர்வதில்லை. கீரை மண்ணை ஒட்டி வளர்வதால் தூசும் அதில் அதிகம் படியும். பப்பாளி தலைக்கு மேலே காய்க்கிறது, தோலையும் சீவி எறிகிறோம். அதனால் சந்தேகமான மண் உள்ள வீட்டில் கீரைப் பாத்தியைவிடப் பப்பாளி மரம் எவ்வளவோ மேல். அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு நடலாம் என்று அர்த்தமில்லை. சாம்பல் படிந்த இடம், எண்ணெய் வெள்ளம் ஏறிய இடம், பழைய பட்டறையோ பேட்டரிக் கடையோ இருந்த இடம் என்றால், அந்தத் தரையில் வேர் இறங்கவே வேண்டாம். வெளியிலிருந்து மண் கொண்டு வந்து ட்ரம்மில் வளருங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: வழக்கமான மண் பரிசோதனையில் உப்பு, கார அமிலத் தன்மை, சத்துகள் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். ஈயமும் காட்மியமும் அந்தச் சீட்டில் வராது, அதைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். 'மண் நல்லாருக்குன்னு சர்ட்டிஃபிகேட் வந்துடுச்சு' என்று அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். குழந்தைகள் விளையாடுகிற வீடாக இருந்தால், பழத்தைவிட கையில் ஒட்டுகிற மண்தான் பெரிய கவலை. வெற்றுத் தரையைக் காய்ந்த இலையாலோ தென்னை மட்டையாலோ மூடி வைத்து, விளையாடி வந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

ட்ரம் என்றதும் 200 லிட்டர் நீல ட்ரம்மைப் பாதியாக வெட்டுவது நினைவுக்கு வரும். நம் பக்கம் அது மலிவாகவே கிடைக்கும், ஆபத்தும் அங்கேதான். வாங்கும்போது, 'இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?' என்று கேளுங்கள். சாப்பாட்டு எண்ணெய், ஊறுகாய், ஜூஸ் என்றால் சரி. பெயின்ட், கரைப்பான், ஆசிட் என்றால், எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பதில் தெரியாத ட்ரம்மும் வேண்டாம்.

உள்ளே செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து, ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம். நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள்.

தண்ணீர் எங்கிருந்து?

மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்துவிட்டது. உங்கள் வீட்டு போர் தண்ணீரும் வாயில் வைத்தால் கரிக்கிறதா? பப்பாளிக்கும் கரிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்து, பூ உதிரும். மெட்ரோ வாட்டர் கிடைக்கிற அளவுக்கு அதையும், கூடவே அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். ஏசித் தண்ணீரில் உப்பே கிடையாது. ஆனால், ஆர்.ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் ட்ரம்மின் அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால், சேர்ந்த உப்பை மழையே கழுவிவிடும்.

இப்போது காற்று. நமக்குக் கடல் கிழக்கே. கோடை மதியத்துக்கு மேல் அடிக்கிற கடற்காற்று சுகம்தான், அதோடு உப்பும் வரும். வீட்டின் மேற்குப் பக்கம் இடம் இருந்தால் அங்கே நடுங்கள், சுவரே காவல். மொட்டை மாடி என்றால், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வையுங்கள். வாரம் ஒருமுறை இலைகளை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவினால் உப்பும் போகும், நிலக்கரித் தூசும் போகும். மாடியில் உயரமான ரகம் வேண்டவே வேண்டாம். 'பூசா நன்ஹா' என்ற குட்டை ரகம் தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே காய்க்கத் தொடங்கும், தொட்டிக்கென்றே பிறந்த மாதிரி.

ஆணா, பெண்ணா?

வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ மட்டும் தொங்கினால் அது ஆண் மரம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ.2, கோ.8 போன்றவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். கோ.3, கோ.7 ரகங்களிலும், தைவானிலிருந்து வந்த 'ரெட் லேடி'யிலும் இருபால் பூ வரும் என்பதால் ஒற்றை மரமே காய்க்கும். ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் இந்த ரெண்டாவது வகைக்குப் போங்கள். அப்போதும் ஒரே இடத்தில் மூன்று கன்று வைத்து, பூ பார்த்த பிறகு இருபால் மரம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கடையில் வாங்கிய ரெட் லேடி பழத்தின் விதை தாய் மாதிரியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வீரிய ஒட்டு ரகம். புது விதை வாங்குவதே நல்லது. மாதவரத்தில் உள்ள தோட்டக்கலைத் துறை வளாகத்தில் கன்று இருக்கிறதா என்று ஒரு நடை கேட்டுப் பாருங்கள்.

உரத்துக்கு நாம் யாரிடமும் போக வேண்டாம், காசிமேடு இருக்கிறது. மீன் வெட்டுகிற இடத்தில் கிடைக்கும் செதில், குடல், தலைக் கழிவை நல்ல தண்ணீரில் அலசி, அதே எடைக்கு வெல்லம் போட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் மூன்று வாரம் நிழலில் வைத்தால் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். நன்றாகப் புளித்தால் பழ வாசனைதான் வரும். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அலசாமல் போட்டால், மீனோடு வந்த உப்பும் செடிக்குப் போகும்.

இலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று அடக்கியது. அந்தக் குளவியின் சந்ததி இப்போதும் நம்மைச் சுற்றி இருக்கலாம். அதனால் கடுமையான பூச்சிமருந்தை எடுக்காதீர்கள், குளவிதான் முதலில் சாகும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பிறகு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் போதும். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, காயில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். அதற்கு மருந்தே இல்லை. மனசு கேட்காவிட்டாலும் பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

புயல் சின்னம் வந்தால்...

2016 டிசம்பர் 12-ல் வர்தா கரையைக் கடந்தபோது, பெரிய பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தன. பப்பாளி எம்மாத்திரம்? ஆனால், காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. எச்சரிக்கை வந்த அன்றே, தலையில் நாலைந்து இளம் இலைகளை விட்டுவிட்டு மற்ற பெரிய இலைகளைக் காம்போடு வெட்டிவிடுங்கள். காற்றுக்குப் பிடி கிடைக்காது. முற்றிய காய்களைப் பறித்துத் தலைபாரத்தைக் குறையுங்கள். சவுக்குக் கொம்பு ரெண்டை ஊன்றி, பழைய காட்டன் புடவைக் கிழிசலால் எட்டு வடிவத்தில் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், ஆடுகிற ஆட்டத்தில் மெல்லிய தண்டை அறுத்துவிடும். ட்ரம் செடி என்றால், கைப்பிடிச் சுவரிலிருந்து நகர்த்தி மூலையில் வையுங்கள்.

பறித்த காய் வீணாகாது. லேசாக மஞ்சள் கோடு விழுந்த காய்கள் மூன்று நாலு நாளில் பழுத்துவிடும். பச்சையாக இருப்பதைக் கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம். ஒரு துண்டை அரைத்துக் கறியில் பிசறி வைத்தால், அதிலுள்ள பாப்பைன் கறியை மெத்தென்று ஆக்கிவிடும். (கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் பச்சைக் காயைத் தவிருங்கள்.) காயைச் சீவும்போது பால் அரிக்கும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். புயல் போன பிறகு மேடையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். வெட்டிய தலையிலிருந்து சில வாரங்களில் புது இலை வரும்.